இலங்கைக்குப் பக்கத்துக் கதிரை

சனிக்கிழமைகளில் தமிழ்க் கடையில் பத்துக் கிலோ அரிசிப் பை ஒன்றை வாங்கி, காரின் முன் சீட்டில் வைத்துவிட்டுப் புறப்பட்டால், கொஞ்சத் தூரத்திலேயே கார் மணியடிக்கத் தொடங்கிவிடும். பக்கத்தில் இருப்பவர் பெல்ட் போடவில்லை என்பது அதன் முறைப்பாடு. மெல்பேணுக்கு வந்த புதிதில் கார் பழுதாகிவிட்டது என்று பயந்து தெருவோரம் நிறுத்தினேன். பிறகுதான் காரணம் விளங்கியது. சீட்டுக்கு அடியில் எடையை உணரும் கருவி ஒன்று இருக்கிறது. ஒரு குறிப்பிட்ட எடைக்கு மேல் எது அமர்ந்தாலும் அது ஆள். அதற்குக் கீழே என்றால் வெறும் சீட். அன்றிலிருந்து என் அரிசிப் பை பெல்ட் போட்டுக்கொண்டுதான் பயணம் செய்கிறது. பிறந்த நாட்டில் ஓர் ஆளை ஆள் என்று ஒப்புக்கொள்ள எத்தனை அட்டைகளும் துண்டுகளும் கேட்டார்கள் என்று அப்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன்.

என் தொழிலும் இந்தக் கருவிகளோடுதான். ட்ருகனினாவில் ஒரு பெரிய சரக்குக் கிடங்கில், பெட்டிகள் ஓடும் பட்டிகளின் உணரிகளைச் சரிபார்க்கும் பொறியியலாளர் நான். பெட்டி வந்ததா, வரவில்லையா என்று இயந்திரத்துக்குச் சொல்லும் சின்னக் கண்கள் அவை. சில நாட்களில் பெட்டி வந்திருக்கும், கண் வரவில்லை என்று சொல்லும். சில நாட்களில் தூசியைப் பார்த்துப் பெட்டி என்று சொல்லும். எதையும் முதல் தடவையில் நம்பாமல் இருப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம் தருகிறார்கள். ஆனால் அந்தப் பழக்கம் பல்கலைக்கழகத்தில் வந்ததல்ல. வன்னியில் வளர்ந்த எங்களுக்கு, யாராவது ஏதாவது கேட்டால், பதிலுக்கு முன் மூன்று கேள்விகள் மனதில் வரிசையாக வந்து நிற்கும். கேட்பது யார். ஏன் கேட்கிறார். சொன்னால் அது எங்கே போய்ச் சேரும்.

ரனா அதே கிடங்கில் சரக்குத் திட்டமிடும் பிரிவில் வேலை செய்கிறாள். பலஸ்தீனப் பெண், பிறந்தது தூனிஸில். அவளுடைய தகப்பனார் தங்கள் விடுதலை இயக்கத்தின் வெளிநாட்டு அலுவலகங்களில் வேலை செய்தவர் என்றும், இப்போது ஓய்வுபெற்று அவளோடு இருக்கிறார் என்றும் சொல்லியிருக்கிறாள். எந்த நாடுகளில் என்று நான் கேட்டதில்லை. மற்றவர்கள் என்னிடம் கேட்கக்கூடாது என்று நினைப்பதை நானும் மற்றவர்களிடம் கேட்பதில்லை. அவுஸ்திரேலியா பலஸ்தீனத்தை ஒரு நாடாக ஏற்றுக்கொள்வதாக அறிவித்த கிழமை, பேரீச்சம்பழம் வைத்துச் சுட்ட பலகாரம் ஒரு பெட்டி கொண்டுவந்தாள். எங்கள் மேற்பார்வையாளர் கிரெக் நல்ல மனிதர். இரண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, "வாழ்த்துக்கள். அப்ப இனி நீ ஊருக்குத் திரும்பிப் போய்விடலாம்தானே?" என்று கேட்டார். அவருக்கு அது மகிழ்ச்சியான கேள்வி. "எந்த ஊருக்கு?" என்றாள் ரனா. அவர் அதைப் பகிடியாக எடுத்துச் சிரித்தார். அவர் போன பிறகு ரனா என்னிடம் மெதுவாகச் சொன்னாள், காஸாவில் அவளுடைய சின்னம்மாவின் குடும்பம் நான்காவது தடவையாகக் கூடாரம் மாறியிருக்கிறதாம். "வீடு எரிந்துகொண்டிருக்கும்போது காணி உறுதிப் பத்திரத்தைக் கொண்டுவந்து தருகிறார்கள். வாங்காமலும் இருக்க முடியாது."

அந்த அறிவிப்பை ஒட்டி அவர்களுடைய சமூகத்தினர் மேற்குப் புறநகர் ஒன்றில் நகரசபை மண்டபத்தை எடுத்து ஒரு மாலைக் கூட்டம் வைத்தார்கள். நாடற்றவர்களும் நாட்டைத் தேடுகிறவர்களும் என்று வேறு சமூகத்தினரையும் அழைத்தார்கள். எங்கள் தமிழ்ச் சங்கத்துக்கும் ரனா வழியாக அழைப்பு வந்தது. இதை அம்மாவிடம் தொலைபேசியில் சொன்னதுதான் தொடக்கம்.

அம்மா கிளிநொச்சியில் இருக்கிறா. என் அண்ணா, போர் முடிந்த மே மாதத்தில், பாலத்தைக் கடந்து இராணுவத்தின் பக்கம் வந்த சனத்தோடு வந்தான். விசாரித்துவிட்டு விடுவோம் என்று சொல்லி ஆமிக்காரர் அவனைப் பஸ்ஸில் ஏற்றினார்கள். அம்மாவும் நானும் அந்தப் பஸ் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அவன் யன்னலோரம்தான் இருந்தான். அதற்குப் பிறகு எந்த அலுவலகத்திலும் எந்தப் பதிவிலும் அவன் இல்லை. அப்படி ஒருவர் தங்களிடம் வரவே இல்லை என்றார்கள். வீதியோரப் போராட்டக் கொட்டிலில், பிள்ளைகளைத் தேடும் மற்றத் தாய்மாரோடு, படத்தை நெஞ்சோடு அணைத்தபடி அம்மா இருக்கத் தொடங்கி வருடங்கள் ஆகிவிட்டன. கூட இருந்தவர்களில் பலர், பிள்ளை வராமலே செத்துப்போனார்கள். தூதரகங்களிலிருந்து வெள்ளை வாகனங்களில் வந்து பார்த்தார்கள், தலையாட்டினார்கள், போனார்கள்.

"அண்ணான்ர படத்தை அங்க கொண்டுபோய் வை. பெயரோட வை" என்றா அம்மா. பெயரோடு வைத்தால் அது யாருடைய கண்ணில் படும், பிறகு வீட்டுக்கு யார் வருவார்கள் என்று நான் இழுத்தேன். அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "ஆர் வந்தா எனக்கென்ன? புலனாய்வுக்காரர் சிவில் உடுப்பில இப்பவும் வந்துதானே போகினம். தேத்தண்ணி குடுத்து அனுப்பிறன். நாடில்லை நாடில்லை எண்டிருந்த சனத்துக்கே நாடு எண்டு சொல்லிப்போட்டினம். அந்தச் சனம் ஒருக்காப் பாக்கட்டும்."

படத்தை வைப்பதானால் ரனாவின் தகப்பனாரிடம் கேட்க வேண்டும். யார் எங்கே இருப்பது, எது மேடையில் வருவது என்பதெல்லாம் அவருடைய பொறுப்பு. ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் அவர்கள் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தவர் வெள்ளைத் தலைமுடி, மடிப்புக் கலையாத சேட், வீட்டுக்குள்ளும் சப்பாத்து. நான் வணக்கம் சொல்ல வாயெடுக்குமுன், இரண்டு கைகளையும் கூப்பி, "ஆயுபோவன்! கொஹொமத?" என்றார்.

மெல்பேணில் ஒரு பலஸ்தீனர் வீட்டு வாசலில் சிங்களம். என் கால் ஒரு படி பின்னுக்குப் போனதை ரனா கண்டிருப்பாள். நபீல் அங்கிளுக்கு அது தெரியவில்லை. மகளின் தோழி இலங்கைப் பெண் என்று கேட்டதும், எனக்கு ஆனந்தமாக இருக்கும் என்று நினைத்து, பதினைந்து இருபது வருடங்களுக்கு முன் பழகிய சொற்களைத் தூசி தட்டி வைத்திருக்கிறார். அவர் கொழும்பில் தங்கள் தூதரகத்தில் சடங்குமுறை அதிகாரியாக இருந்தவர். சுவரில் அந்தக் காலத்துப் படம் ஒன்று தொங்கியது. கடற்கரைத் திடலில் வரிசையாகப் போட்ட கதிரைகள், கொடிகள், கோட் போட்ட இளமையான அவர். கொழும்பைப் பற்றி அவர் பேசியது ஒரு காதலியைப் பற்றிப் பேசுவது போல இருந்தது. எழுபதுகளிலேயே தங்களுக்கு அலுவலகம் திறக்க இடம் கொடுத்த நகரமாம். அல்ஜியர்ஸில் தங்கள் தலைவர்கள் சுதந்திரப் பிரகடனம் செய்த எண்பத்தெட்டில், காலடியில் ஒரு சாண் நிலம்கூட இல்லாத நேரத்தில், தங்களை நாடு என்று ஏற்றுக்கொண்டவர்களில் இலங்கையும் ஒன்றாம். "உலகத்தில் சில இடங்களில்தான் எங்கள் கொடியை முழுக் கம்பத்தில் ஏற்றலாம். கொழும்பு அதில் ஒன்று."

எனக்குத் தெரிந்த கொழும்பு வேறு. அண்ணாவைத் தேடி அம்மாவும் நானும் போய்த் தங்கிய வெள்ளவத்தை லொட்ஜில், பொலிஸ் பதிவுத் துண்டு இல்லாமல் வாசலுக்குக்கூடப் போக முடியாது. அந்தத் துண்டை மடித்துப் பிளவுசுக்குள் வைத்துக்கொண்டு, தூதரகங்கள் இருக்கும் மரநிழல் தெருக்களில் கேற் கேற்றாக ஏறி இறங்கினோம். எந்தக் கொடி எந்த நாட்டுடையது என்று எங்களுக்குத் தெரியாது. காவலாளி படத்தைப் பார்ப்பான், உள்ளே ரெலிபோன் எடுப்பான், பிறகு கையால் போ என்று காட்டுவான்.

படம் வைப்பதைப் பற்றிக் கேட்டேன். முடியாது என்றார். தங்களை ஏற்றுக்கொண்ட நாடுகள் எல்லாவற்றின் பிரதிநிதிகளையும் கூட்டத்துக்கு அழைத்திருக்கிறாராம், இலங்கையின் ஆளையும் சேர்த்து. நட்பு நாட்டின் விருந்தினர் முன்னால் அந்த நாட்டைக் குற்றம் சொல்லும் படத்தை மேடையில் வைக்க முடியாது, அது முறையில்லை என்றார். சொல்லிவிட்டு, மிகவும் கனிவாக, "தமையனின் முழுப்பெயர் என்ன? எந்த ஊர்?" என்று கேட்டார். கேட்பது யார், ஏன் கேட்கிறார், எங்கே போய்ச் சேரும். மூன்றுக்கும் என்னிடம் பதில் இருந்தது. "வடக்குப் பக்கம்" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தேநீரைக் குடித்து முடித்தேன்.

எங்கள் சங்கத் தலைவர் தேவன் அங்கிள், எண்பதுகளில் வந்த கணக்காளர். கேரம் டவுன்ஸ் கோயிலில் வடை வரிசையில் வைத்து இதைச் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவில்லை. "நான் சொன்னனான் எல்லே பிள்ளை" என்று தொடங்கி, வரிசை நகர நகர முழு வரலாற்றையும் சொன்னார். ஒரு காலத்தில் எங்கள் இயக்கப் பெடியள் சிலர் லெபனானுக்குப் போய் இவர்களுடைய முகாம்களில் பயிற்சி எடுத்தார்கள், அப்போது இவர்கள் எங்களுக்கு அண்ணன்மார். அதே காலத்தில் அரசாங்கம் இஸ்ரேலிலிருந்து ஆட்களை அழைத்துப் பயிற்சி எடுத்தது, பிறகு விமானங்களும் வாங்கியது. ஆனாலும் கொழும்பு பலஸ்தீனத்தின் நண்பனாகவே இருந்தது. எங்கள் போர் முடிந்த பிறகு அவர்களுடைய ஊர் ஒன்றில் தெரு ஒன்றுக்கு எங்கள் நாட்டு ஜனாதிபதியின் பெயரையும் வைத்தார்கள். இதெல்லாம் பேப்பரில் வந்தவை, அங்கிள் எதையும் கூட்டிச் சொல்கிறவர் அல்ல. "நோர்வேக்காரர் அவைக்கும் சமாதானம் பேச வந்தவை, எங்களுக்கும் வந்தவை. அவைக்கு ஒரு கதிரையாவது மிஞ்சினது. எங்களுக்கு ஒரு புட்டுவம்கூட மிஞ்சேல்லை." பின்னால் நின்ற ஓர் அன்ரி, "புட்டுவம் இருந்திருந்தா அதுக்கும் தலைவர் பதவிச் சண்டை வந்திருக்கும்" என்றா. வரிசை சிரித்தது. தேவன் அங்கிள் சிரிக்கவில்லை. கூட்டத்துக்கு வருவதானால் ஒரே ஒரு நிபந்தனை என்றார். இலங்கைக்கு நன்றி என்று மேடையில் ஒரு சொல் வந்தாலும் எழும்பிப் போய்விடுவாராம்.

இரண்டாம் தடவை நான் நபீல் அங்கிள் வீட்டுக்குப் போனது, படத்துக்கு இடமில்லை என்றால் நாங்களும் வரவில்லை என்று சொல்வதற்கு. ரனா இன்னும் வேலையால் வரவில்லை. அவர் சாப்பாட்டு மேசையில் தனியாக இருந்து, தடித்த வெள்ளை அட்டைகளில் நாடுகளின் பெயர்களைக் கறுப்பு மையால் எழுதிக்கொண்டிருந்தார். அச்சடிக்கலாமே என்றேன். கையால் எழுதுவதுதான் மரியாதை என்றார். ஆங்கில அகர வரிசையில் அட்டைகள் காய்ந்துகொண்டிருந்தன. ஸ்ரீலங்கா. அதன் பக்கத்தில் ஸ்டேட் ஒஃப் பலஸ்டைன். அதன் பக்கத்தில் சூடான்.

என் கண் அதில் நிற்பதை அவர் கண்டுவிட்டார். அது தன்னுடைய யோசனை இல்லை, நியூயோர்க்கில் நாடுகள் கூடும் பொதுச்சபையிலும் இதே வரிசைதான் என்று சொன்னார். எழுபத்துநாலில் தங்களைப் பார்வையாளராக உள்ளே விட்டார்களாம். பார்வையாளர் என்றால் ஓரத்தில் இருக்கலாம், கேட்டால் பேசலாம், கை உயர்த்த முடியாது. அரை நூற்றாண்டு அப்படி இருந்த பிறகு, போன வருடம்தான் நாடுகளின் வரிசைக்குள் ஒரு கதிரை கொடுத்தார்கள். இன்னும் வாக்கு இல்லை, கதிரை மட்டும். அது இலங்கைக்கும் சூடானுக்கும் நடுவில். அவர் அன்று தொலைக்காட்சி முன்னால் கோட் போட்டுக்கொண்டு இருந்து பார்த்தாராம்.

வரமாட்டோம் என்று சொல்ல வந்தவள், சொல்லாமல், வேறொன்றைக் கேட்டுவிட்டேன். "நீங்கள் கொழும்பில் இருந்த காலத்தில் உங்கள் கேற்றுக்கு யாராவது படங்களோடு வந்தார்களா?"

பேனையை மூடி வைத்தார். வந்தார்கள் என்றார். தாய்மார்தான் அதிகம். உள்ளே எடுக்க வேண்டாம், பிழையான இடத்துக்கு வந்திருக்கிறீர்கள் என்று சொல்லி அனுப்புங்கள் என்று காவலாளிக்குத் தானே சொன்னாராம். அதை ஏன் என்னிடம் ஒப்புக்கொள்கிறார் என்று எனக்குப் புரியவில்லை. பிறகு, நான் கேட்காமலே, சுவரில் இருந்த படத்தைக் காட்டினார். அது சுதந்திர தின அணிவகுப்பு. தூதர்களுக்கு ஒதுக்கிய வரிசையில் அவருக்கும் ஒரு கதிரை. தலைக்கு மேலே விமானங்கள் பறந்தன. அவை எங்கே செய்யப்பட்டவை என்று அந்த வரிசையில் இருந்த எல்லோருக்கும் தெரியும், எல்லோரும் ஓரக்கண்ணால் தன்னைத்தான் பார்த்தார்கள் என்றார்.

"கிபிர்" என்றேன். வன்னியில் அந்த இஸ்ரேல் விமானத்தின் சத்தத்துக்குப் பாலர் வகுப்புப் பிள்ளைகூடப் பங்கருக்குள் ஓடும்.

"ஓம்" என்று தமிழிலேயே சொன்னார். யாரிடம் எப்போது பழகினாரோ தெரியாது. "நான் கை தட்டினேன், மகளே. என் சகோதரனின் வீட்டை இடித்த நாட்டின் விமானம். தட்டாவிட்டால் அடுத்த வருடம் அந்தக் கதிரை இருக்காது."

நான் திரும்பிக் காரோட்டிக்கொண்டு வரும்போது இதை எல்லாப் பக்கத்தாலும் பார்த்தேன். ஒரு தொழில்முறை ராஜதந்திரி எனக்குத் தேவையான உண்மையை, எனக்குத் தேவையான அளவில், சரியான நேரத்தில் தந்திருக்கிறார். அது உண்மையாகவும் இருக்கலாம், நான் கூட்டத்தைப் பகிஷ்கரிக்காமல் இருப்பதற்கான வேலையாகவும் இருக்கலாம். இரண்டும் ஒன்றாகவே இருக்கலாம் என்பதுதான் எனக்கு அதிகம் பிடிக்கவில்லை. ஆனால் என்னை அறியாமல் கூட்டத்துக்குப் போவது என்று முடிவாகியிருந்தது. மேடையில் வைக்க விடாவிட்டாலும் படத்தைக் கைப்பையில் கொண்டுபோவேன். அம்மாவிடம் கொண்டுபோனேன் என்றாவது சொல்லலாம்.

அன்று மாலை தேவன் அங்கிள் என் காரில்தான் வந்தார். கண்பார்வை காரணமாக அவர் இருட்டியபின் ஓட்டுவதில்லை. மற்றவர்கள் இரண்டு கார்களில் பின்னால் வந்தார்கள். மண்டப வாசலில் நகரசபையிலிருந்து வந்திருந்த ஒரு பெண் எல்லோருடைய பைகளையும் புன்னகையோடு பார்த்துக்கொண்டிருந்தாள். படத்தைக் கண்டதும், "என்ன அழகான பையன். காலமாகிவிட்டாரா?" என்று தணிந்த குரலில் கேட்டாள்.

"இல்லை" என்றேன். அது ஒன்றுதான் எனக்குச் சொல்லத் தெரிந்த பதில். இறந்தான் என்று யாரும் சொல்லவில்லை, நாங்களும் சொல்லப் போவதில்லை.

அவள் முகம் மலர்ந்துவிட்டது. "நல்லது! அப்ப இன்றைக்கு அவரும் வருகிறாரா?"

நான் படத்தைத் திரும்பப் பைக்குள் வைத்தேன். அவள் மேல் கோபிக்க ஒன்றுமில்லை. இந்த நாட்டில் ஒருவர் இறக்கவில்லை என்றால் அவர் எங்கேயோ இருப்பார், இருந்தால் கார் எடுத்து வருவார்.

முன்வரிசையில் அட்டைகள் வைத்த கதிரைகள். பத்துப் பன்னிரண்டு பேர் வந்து அமர்ந்திருந்தார்கள், சில கதிரைகள் வெறுமையாக இருந்தன. ஸ்ரீலங்கா என்ற அட்டைக்குப் பின்னாலும் யாரும் இல்லை. நாங்கள் ஐந்தாவது வரிசையில் இருந்தோம். பழக்க தோஷத்தில் நான் முதலில் பார்த்தது, யார் கையில் கைபேசி எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதைத்தான். தமிழர் மாதிரியான ஒருவர் தூணடியில் நின்று படமெடுத்துக்கொண்டிருந்தார். எங்களில் எவருக்கும் அவரைத் தெரியவில்லை. ஒரு நிமிடத்துக்குள் எங்கள் வரிசையில் இருந்த எல்லோரும் ஏதோ ஒரு காரணத்துக்காகக் குனிந்து தங்கள் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு அவர் பிஜித் தீவைச் சேர்ந்த சமையற்காரர் என்று தெரிந்தது.

நபீல் அங்கிள் ஒரு தாளைப் பிரித்து, எண்பத்தெட்டில் தங்களை ஏற்றுக்கொண்ட நாடுகளுக்கு நன்றி என்று தொடங்கி, பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்தார். அகர வரிசை. எஸ் எழுத்து வருவதற்கு நிறைய நேரம் இருந்தது. தேவன் அங்கிள் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் வைத்ததைக் கண்டேன். ஸ்ரீலங்கா என்ற பெயர் மற்றப் பெயர்களைப் போலவே, கூட்டாமல் குறைக்காமல், வந்து போனது. அங்கிள் எழுந்தார். அவருக்குப் பின்னால் மற்றவர்களும் எழுந்தார்கள். ஒருவரும் சத்தமிடவில்லை, கதிரைகள் மட்டும் கீச்சிட்டன. நபீல் அங்கிள் தாளிலிருந்து நிமிர்ந்து, அவர்கள் கதவைக் கடக்கும்வரை பார்த்தார். பிறகு சூடானை வாசித்தார்.

ஐந்தாவது வரிசையில் நான் மட்டும் மிஞ்சினேன். எழுந்து போனால் அண்ணாவின் படம் பையைவிட்டு வெளியே வராமலே வீட்டுக்குத் திரும்பிவிடும். அது மட்டும்தான் என்னைப் பிடித்து வைத்தது.

பேச்சுகள் முடிந்து தேநீருக்கு எல்லோரும் எழுந்தபோது ரனா வந்து பக்கத்தில் இருந்தாள். இலங்கையின் ஆள் வரவில்லை என்று மதியமே தகவல் வந்துவிட்டதாம். அப்படியென்றால் யாருக்காக அந்தப் பெயரை வாசித்தார் என்று கேட்டேன். "வாப்பாவுக்கு ஆள் முக்கியமில்லை. பெயர் வரிசையில் இருந்தால் வாசிப்பார்" என்றாள். வராத ஆளுக்கு ஏன் கதிரை என்றேன். ஒரு நாட்டுக்கென்று போட்ட கதிரையை, ஆள் வராவிட்டாலும் கூட்டம் முடியும்வரை எடுக்கக்கூடாதாம், வேறு யாரும் அதில் இருக்கவும் கூடாதாம். அதுவும் முறை.

அப்போது நபீல் அங்கிள் வந்தார். கையில் எழுதப்படாத ஒரு வெள்ளை அட்டையும் அந்தக் கறுப்புப் பேனையும். முன்வரிசையைக் காட்டி, "வேறு யாரும் அதில் இருக்க முடியாது. அந்த நாட்டின் ஆள் இருக்கலாம்" என்றார். "உன் தமையன் எந்த நாட்டின் ஆள்?"

அண்ணாவிடம் இருந்த ஒரே அடையாள அட்டை அந்த நாட்டுடையது. அதை மறுத்துத்தான் அவன் வயதுப் பிள்ளைகள் எல்லோரும் செத்தார்கள், சாகாதவர்கள் பஸ்ஸில் ஏறினார்கள். அந்த அட்டைக்குப் பின்னால் அவனை உட்கார வைப்பது அவனுக்குச் செய்யும் மரியாதையா, அவமானமா என்று எந்த வரிசையில் போட்டு யோசித்தாலும் விடை வரவில்லை. இந்த மனிதருக்கு இதில் என்ன செலவு என்று இன்னொரு பக்கம் மனம் கணக்குப் பார்த்தது. தூதர்கள் தேநீருக்குப் போய்விட்டார்கள். வெறுங்கதிரை. கேற்றில் திருப்பி அனுப்பிய தாய்மாருக்கு, இப்போது எவருக்கும் தெரியாமல் ஒரு பரிகாரம். அவருக்கு அது லேசாகத்தான் இருக்கும். ஆனால் பெயரை அவர் எழுதவில்லை, என்னிடம் கேட்கவும் இல்லை. அட்டையையும் பேனையையும் என் பக்கத்து வெறுங்கதிரையில் வைத்துவிட்டுத் திரும்பி, தேநீர்ப் பக்கம் போய்விட்டார்.

மண்டபத்தில் முப்பது நாற்பது பேராவது இருந்தார்கள், ஒவ்வொருவர் கையிலும் கைபேசி. நான் தமிழில் எழுதினேன். முழுப்பெயர், ஊர். பல வருடங்களாகக் கையால் தமிழ் எழுதாததில் முதல் எழுத்துக் கோணியது. படத்தைக் கதிரையில் சாய்த்து, அட்டையை அதன் காலடியில் வைத்தேன். நாட்டின் அட்டை அதன் இடத்திலேயே இருந்தது. பக்கத்துக் கதிரையில் ஒரு பலஸ்தீன அம்மா பேரப்பிள்ளைக்குப் பலகாரம் ஊட்டிக்கொண்டிருந்தா. படத்தைத் திரும்பிப் பார்த்தா, என்னைப் பார்த்தா, பிள்ளையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு அந்தப் பக்கமாக ஒதுங்கி, அவனுக்கு இடம் விட்டா.

நான் இரண்டு படங்கள் எடுத்து அம்மாவுக்கு அனுப்பினேன். ஒன்றில் ஸ்ரீலங்கா என்ற அட்டையும் தெரிந்தது. மற்றது அதை வெட்டிவிட்டு, அண்ணாவும் பெயரும் மட்டும். எது வேண்டும், மற்றதை அழித்துவிடுகிறேன் என்று எழுதினேன். அங்கே பின்னேரம், கொட்டிலில்தான் இருந்திருப்பா. குரல் பதிவு வந்தது, பின்னால் லொறி போகும் சத்தத்தோடு.

"வெட்டாதை பிள்ளை. அதுவும் தெரியட்டும். கொண்டுபோனவையின்ர கதிரைதானே. அதிலயே இருந்து கேக்கட்டும்."

இந்தக் கட்டுரையை எழுதத் தொடங்கும்போது அவன் பெயரை எழுதுவதில்லை என்றுதான் இருந்தேன். ஊரிலும் இங்கேயும் இதை வாசிக்கப்போகும் உங்களில் யார் யார் என்று எனக்குத் தெரியாது. ஆனால் அம்மா சொல்லிவிட்டா. அவன் பெயர் நிரூபன்.

வெளியே கார் நிறுத்துமிடத்தில் குளிருக்குள் தேவன் அங்கிள் என் காரில் சாய்ந்து நின்றார். மற்றவர்கள் தங்கள் கார்களில் போய்விட்டார்கள். எழுந்து போனவர் கோபத்தில் அவர்களோடு போயிருக்கலாம், போகவில்லை. நான் ஏன் உள்ளே நின்றேன் என்று அவர் கேட்கவில்லை. படத்தை எங்கே வைத்தேன் என்று நானும் சொல்லவில்லை. கதவைத் திறந்ததும், கோபம் இன்னும் தீராததைக் காட்டுவதற்காகப் பின் சீட்டில் ஏறி இருந்தார். நான் படத்தை முன் சீட்டில் வைத்தேன். நபீல் அங்கிளை இப்போது நம்புகிறேனா என்று கேட்டால், இன்னும் இல்லை. அடுத்த வருடமும் அவர் அந்தப் பெயரை வாசிப்பார். அடுத்த வருடமும் நான் போவேன் என்றுதான் நினைக்கிறேன்.

காரை எடுத்து, தெருவுக்கு இறக்கி, வேகம் பிடித்தேன். என்னை அறியாமல் அந்த மணிக்காகக் காதைக் கொடுத்துக்கொண்டிருந்தேன். மணி அடிக்கவில்லை. சட்டமும் கண்ணாடியும் சேர்த்து ஒரு கிலோகூட வராது. கார் கணக்கில் பக்கத்தில் யாரும் இல்லை.

முதல் சிவப்பு விளக்கில் நின்றபோது பின்னாலிருந்து குரல் வந்தது. "பெல்ட்டைப் போட்டுவிடு பிள்ளை. பிரேக் அடிச்சா விழுந்திடுவான்."

எட்டி அவனுக்குப் பெல்ட்டைப் போட்டுவிட்டேன்.